ரைமிங் செயின் தேய்ந்திருக்கிறதா? ஸ்கானரிடம் கேட்க வேண்டியவை

"தம்பி, இது செயின் கார். பெல்ற் மாதிரி மாத்தத் தேவையில்லை."

பாவித்த கார் வாங்கப் போகும் எம்மவர்கள் பலர் கேட்டிருக்கக்கூடிய வசனம் இது. நாமும் கேட்டோம், நம்பினோம். 160,000 கிலோமீற்றர் ஓடிய கார். விற்றவரின் முன்னாலேயே சிறிய ஸ்கானரைப் பொருத்திப் பார்த்தோம். பிழைக் குறியீடு எதுவும் வரவில்லை. மூன்றாவது வாரம் எஞ்சின் விளக்கு எரிந்தது. அடுத்த வாரம் அதிகாலை வேலைக்குப் புறப்படும்போது செயின் பல் தாவியது. வால்வுகள் பிஸ்டனில் மோதி எஞ்சின் முடிந்தது. திருத்தும் செலவு காரின் விலையைத் தாண்டியது. ஸ்கானரிடம் நாம் கேட்ட கேள்வியே போதாது என்பது பிறகுதான் விளங்கியது.

செயின் எப்படித் தேய்கிறது?

எஞ்சினின் அடியில் சுழலும் கிராங் தண்டையும் மேலே வால்வுகளைத் திறந்து மூடும் காம் தண்டையும் இணைப்பது இந்தச் செயின். கிராங் இரண்டு சுற்றுச் சுற்றும்போது காம் ஒரு சுற்றுச் சுற்றும். "செயின் இழுபட்டுவிட்டது" என்று சொன்னாலும் இரும்பு இழுபடுவதில்லை. ஒவ்வொரு மூட்டிலும் உள்ள ஊசி சிறிது சிறிதாகத் தேய, அவை எல்லாம் சேர்ந்து செயினின் நீளத்தைக் கூட்டுகின்றன. அதனால் காம் தண்டு தன் நேரத்துக்குப் பிந்துகிறது. ரென்ஷனர் அந்தத் தளர்வை ஓரளவு வரை இழுத்துப் பிடிக்கும். அதற்கும் ஓர் எல்லை உண்டு.

தேய்வை விரைவுபடுத்துவது பெரும்பாலும் பழைய ஒயில். ஐரோப்பாவில் சில கார்களுக்கு இரண்டு ஆண்டு அல்லது 30,000 கிலோமீற்றர் வரை ஒயில் மாற்றத் தேவையில்லை என்ற ஏற்பாடு உண்டு. குளிரில் குறுந்தூரம் மட்டும் ஓடும் காருக்கு அது மிக நீண்ட இடைவெளி.

குறியீடு சொல்வது என்ன?

கிராங், காம் இரண்டிலும் உணரிகள் உண்டு. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாதபோது கணினி பிழைக் குறியீட்டைப் பதிகிறது. பி0016, பி0017 என்பவை எஞ்சினின் முதற் பக்கத்துக்கும், பி0018, பி0019 என்பவை வி வடிவ எஞ்சின்களின் மறுபக்கத்துக்கும் உரியவை. பி0008, பி0009 ஆகியவையும் இதே வகைப் பொருத்தமின்மையையே சொல்கின்றன.

ஆனால் கணினி பொறுக்கும் எல்லையைத் தாண்டிய பிறகே குறியீடு வரும். குறியீடு இல்லை என்பதால் தேய்வு இல்லை என்று ஆகாது. குறியீடு வந்தாலும் குற்றவாளி செயின்தான் என்றும் ஆகாது. பழுதான உணரி, ஒயில் குறைவு, காம் நேரத்தை மாற்றும் வால்வில் அடைப்பு ஆகியவையும் இதே குறியீடுகளைத் தரலாம். முதலில் ஒயில் அளவையும் தரத்தையும் பார்ப்பதே முறை.

பாகையில் வரும் எண்

கேட்க வேண்டிய சரியான கேள்வி: "காம் தண்டு எத்தனை பாகை விலகி நிற்கிறது?" சாதாரண மலிவு ஸ்கானர்கள் பெரும்பாலும் இதைக் காட்டா. அந்தந்தக் கார் நிறுவனத்தின் தரவை வாசிக்கும் கருவி தேவை. ஃபோக்ஸ்வாகன், அவுடி கார்களுக்கு விசிடிஎஸ், ஓபிடி இலெவன் போன்றவை உண்டு.

அந்நிறுவனங்களின் 1.8, 2.0 லீற்றர் ஈஏ888 பெற்றோல் எஞ்சின்களின் முதல் இரு தலைமுறைகளை எடுத்துக்கொள்வோம். இவற்றின் ரென்ஷனர் பலவீனம் பரவலாக அறியப்பட்டது. எஞ்சின் சூடாகி, அசையாமல் ஓடும்போது 93ஆம் அளவீட்டுத் தொகுதியில் காம் நிலையின் விலகலைப் பார்க்கலாம். சுழியத்தை அண்டியிருந்தால் நல்லது. 4 பாகையை நெருங்கினால் செயினைத் திறந்து பார்க்கச் சொல்வது இக்கார்களைத் திருத்துவோரின் வழக்கம். மற்ற எஞ்சின்களுக்கு எல்லை வேறு. இந்த எண்ணை அவற்றுக்குப் பொருத்தக்கூடாது.

ஒருமுறை பார்த்த எண்ணைவிட, அது நகரும் திசை முக்கியம். ஒவ்வொரு ஒயில் மாற்றத்தின்போதும் எண்ணையும் ஓடிய தூரத்தையும் சேர்விஸ் புத்தகத்தில் எழுதி வையுங்கள். கராஜில் இதைக் கேட்டுப் பெறுவதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

குறியீட்டை யாரும் ஒரு நிமிடத்தில் அழித்துவிடலாம். நாம் ஏமாந்ததும் இங்கேதான். ஆகவே இரண்டு விடயங்களைப் பாருங்கள். ஒன்று, குறியீடு அழிக்கப்பட்ட பின் ஓடிய தூரம். பல கார்களில் சாதாரண ஸ்கானரே இதைக் காட்டும். மற்றது, தயார்நிலைச் சோதனைகள். பல சோதனைகள் "முடியவில்லை" என்று இருந்தால், அண்மையில் குறியீடு அழிக்கப்பட்டிருக்கலாம் அல்லது பற்றரி கழற்றப்பட்டிருக்கலாம். சில நாட்கள் ஓடிய பின் மீண்டும் பார்க்கலாம் என்று சொல்லுங்கள். விற்பவர் அவசரப்படுத்தினால் முற்பணம் கொடுக்காதீர்கள்.

காது கேட்பதையும் விடக்கூடாது. இரவு முழுவதும் நின்ற காரை உங்கள் முன்னால் முதற்தடவையாக இயக்கச் சொல்லுங்கள். நீங்கள் போகுமுன்பே எஞ்சின் சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். இயக்கிய சில விநாடிகள் கலகலவென்ற சத்தம் வந்தால் ரென்ஷனரில் சந்தேகம் கொள்ளலாம்.

செயின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் விசாரியுங்கள். 2007இல் வந்த பிஎம்டபிள்யூவின் என்47 டீசல் எஞ்சினில் அது கியர்பெட்டிப் பக்கம் இருப்பதால், மாற்றும் கூலியே பெருந்தொகையாகிவிடும்.

சத்தமும் பி0016 குறியீடும் ஒன்றாக வந்தால் "வார இறுதியில் பார்ப்போம்" என்று ஓட்ட வேண்டாம். இழுவை வண்டிக்குக் கொடுக்கும் காசு, புது எஞ்சினுக்குக் கொடுப்பதிலும் மிகக் குறைவு.