தேர்தல் நாளும் நடுவர் நீதியும்

ஒரு கட்சிக்குத் தலைவர் யார் என்பது பெரிய கேள்வியே. ஆயினும், தலைவரைத் தேர்ந்தெடுக்கும் நாளைக் குறிப்பவர் யார், விதி மீறப்பட்டால் தண்டனை யாருக்கு என்பவை அதனினும் பெரிய கேள்விகளாம். முன்னதையே பேசிப் பின்னவற்றை மறந்த கட்சிகள் பட்ட பாட்டைச் சரித்திரம் நமக்குக் காட்டுகின்றது.

1987 ஏப்ரல் 24-இல் கோலாலம்பூரில் அம்னோவின் தலைவர் பதவிக்கு டாக்டர் மகாதீரும் தெங்கு ரசாலியும் போட்டியிட்டனர். மகாதீர் 761 வாக்கும், ரசாலி 718 வாக்கும் பெற்றனர். பதிவு பெறாத கிளைகள் அத்தேர்தலிற் பங்குகொண்டன என்று வழக்கு எழுந்தது. 1988 பிப்ரவரி 4-இல் நீதிபதி ஹாருன் ஹாஷிம், அக்கிளைகளின் காரணமாகக் கட்சியே சட்டவிரோதச் சங்கம் எனத் தீர்ப்பளித்தார். தேர்தற்பிழையைத் திருத்தப் புகுந்த வழக்கு, கட்சியையே இல்லாமற் செய்தது! பின்னர் 1990-இல் சங்கங்கள் சட்டத்தில் 18சி என்னும் பிரிவு சேர்ந்தது. கட்சியின் உள்விவகாரத்திற் கட்சியின் முடிவே இறுதியானது, நீதிமன்றம் அதில் தலையிடலாகாது என்றாயிற்று.

நிற்க. நம்மவர் பலர் அங்கம் வகிக்கும் மலேசிய இந்தியர் காங்கிரசின் கதைக்கு வருவோம். 1946-இல் ஜான் திவி தலைமையில் தோன்றிய அக்கட்சியில், 2013-இல் பழனிவேல் போட்டியின்றித் தலைவரானார். அவ்வாண்டு நவம்பரில் மலாக்காவில் நடந்த ஏனைய பதவிகளுக்கான தேர்தலின்மீது முறையீடுகள் குவிந்தன. 2014 டிசம்பரில் சங்கப் பதிவிலாகா, மூன்று உதவித் தலைவர்களுக்கும் இருபத்துமூன்று மத்திய செயலவை உறுப்பினர்களுக்கும் மறுதேர்தல் நடத்துமாறு பணித்தது.

இங்கேதான் முடிச்சு விழுந்தது. மறுதேர்தலுக்கு நாள் குறிப்பது யார்? 2013-இன் செயலவையா? அதன் தேர்வே வழக்கிலுள்ளதே! 2009-இன் செயலவையே தகுதியுடையது என்றது பதிவிலாகா. பழனிவேல் தரப்பார் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் சென்றனர். 2015 ஜூனில் மனு தள்ளுபடியாயிற்று. கட்சி விவகாரத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டு சென்றவர் உறுப்புரிமை இழப்பர் என்னும் 91-ஆம் விதியைக் காட்டி, தலைவரே வெளியேற்றப்பட்டார். துணைத் தலைவர் டாக்டர் சுப்பிரமணியம் பொறுப்பேற்றார். எவர் பக்கம் நியாயம் என்று வழக்காடுவது நம் நோக்கமன்று. ஆட்டத்தில் இருப்பவரே ஆட்டத்தின் நடுவராகவும் இருந்தால் முடிவு இதுவே என்பதைக் காட்டுவதே நம் நோக்கம்.

இச்சிக்கல் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 2008-இல் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க, ஜனநாயகக் கட்சி நாட்களை முன்னரே வரையறுத்திருந்தது. குறிப்பிட்ட நான்கு மாநிலங்கள் தவிர ஏனையவை பிப்ரவரி 5-க்கு முன் வாக்கெடுப்பு நடத்தலாகாது. மிச்சிகன் ஜனவரி 15-இலும், பிளாரிடா ஜனவரி 29-இலும் நடத்தின. இரண்டின் பேராளர்களுக்கும் வாக்குரிமை பறிக்கப்பட்டது. மிச்சிகனில் ஒபாமா தம் பெயரை விலக்கிக்கொண்டார். ஹில்லாரி கிளிண்டன் விலக்கவில்லை. போட்டி இறுகிய பின்னர், மே 31-இல் பேராளர் ஒவ்வொருவருக்கும் அரைவாக்கு என்று விதிக்குழு தீர்த்தது. ஆகஸ்டில் முழுவாக்கும் திரும்பியது. நாளை மாற்றியவர்கள் மாநிலச் சட்டமன்றத்தார். தண்டிக்கப்பட்டவர்களோ வரிசையில் நின்று வாக்களித்த மக்கள்! விதியைத் தளர்த்தியதும், வெற்றி யாருக்கு என்று கணக்கிடத்தக்க வேளையில்! இறுக்கினும் தளர்த்தினும் ஐயமே மிஞ்சியது.

நீதிமன்றக் கதவு அடைபட்ட இடத்தில், கட்சியின் மனச்சாட்சியே நீதிமன்றமாதல் வேண்டும். நாளும் விதியும் போட்டியாளர் யாவர் எனத் தெரியுமுன்னரே அச்சாகிக் கிளைதோறும் சேரட்டும். போட்டியிடாதவர் நடுவராகட்டும். மீறியவர்மீதே தண்டனை விழட்டும், வாக்காளர்மீது அன்று.

பிரிக்பீல்ட்ஸ் கிளையிலோ கிள்ளான் கிளையிலோ, நாள் முழுதும் உழைத்துக் களைத்து வந்து கையுயர்த்தும் உறுப்பினருக்கு, கட்சியில் உள்ள சொத்து அந்த ஒரு வாக்கே. அதனை அரைவாக்காக்கவும் செல்லாக்காசாக்கவும் எத்தலைவருக்கும் உரிமையில்லை.