லாக்டோஸ் செரியாமையும் இன அடையாளமும்

பாலிலுள்ள சர்க்கரையான லாக்டோஸைச் சிறுகுடல் முழுமையாகச் செரிக்க முடியாத நிலையே லாக்டோஸ் செரியாமை. உலகில் வளர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் இந்த நிலையில் இருக்கிறார்கள். எனவே இதை நோய் என்று சொல்வதைவிடப் பாலூட்டிகளின் பொது இயல்பு என்று சொல்வதே சரி. கன்றானாலும் குழந்தையானாலும் பால்குடி மறந்த பிறகு லாக்டேஸ் என்ற நொதி படிப்படியாகக் குறைந்துவிடும். வளர்ந்த பிறகும் அது குறையாமல் சுரப்பதுதான் விதிவிலக்கு. இந்த விதிவிலக்கு சில மக்களிடம் மிகுதியாகவும் சில மக்களிடம் அரிதாகவும் காணப்படுவதால், “கறுப்பர்களுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது”, “ஆசியர்கள் பாலைத் தொடமாட்டார்கள்” என்பன போன்ற பேச்சுகள் பரவின. அவற்றில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் அந்த உண்மை, பேசுகிறவர்கள் நினைக்கும் இடத்தில் இல்லை.

உடலில் நிகழ்வது

லாக்டேஸ் நொதி லாக்டோஸைக் குளுக்கோஸ், கேலக்டோஸ் என இரண்டாகப் பிளக்கிறது. நொதி போதாவிட்டால் பிளவுபடாத சர்க்கரை பெருங்குடலுக்குப் போய்ச் சேரும். போகும் வழியில் நீரை இழுத்துக்கொள்ளும். அங்குள்ள பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து ஹைட்ரஜன் உள்ளிட்ட வாயுக்களை உண்டாக்கும். வயிற்றுப் பொருமல், இரைச்சல், சிலருக்கு வயிற்றுப்போக்கு எல்லாம் இதன் விளைவே. செரியாமை உள்ள அனைவருக்கும் இந்தத் தொல்லைகள் வருவதில்லை. 12 கிராம் லாக்டோஸ், அதாவது ஒரு பெரிய டம்ளர் பாலில் உள்ள அளவு, பெரும்பாலோருக்குப் பெரிய சிக்கலைத் தராது. தயிரிலுள்ள பாக்டீரியாக்களே லாக்டோஸில் ஒரு பகுதியைச் செரித்துவிடுகின்றன. நெய்யிலும் நன்கு முதிர்ந்த பாலாடைக்கட்டியிலும் லாக்டோஸ் இல்லை என்றே சொல்லலாம். பாலின் புரதத்துக்கு எதிராக உடல் கிளர்ந்தெழும் பால் ஒவ்வாமை முற்றிலும் வேறு நோய். இரண்டையும் ஒன்றாகக் குழப்புவது இன்றும் பரவலாக இருக்கிறது.

அமெரிக்க ஆய்வுகளும் இனப் பெட்டிகளும்

1960களின் நடுப்பகுதிவரை மேற்கத்திய மருத்துவம் பால் குடிக்கும் பெரியவரையே இயல்பான மனிதராகக் கருதியது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் 1965, 1966 ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகள் இந்தக் கருத்தை அசைத்தன. நலமாக இருந்த கறுப்பினத்தவரில் பெரும்பாலோருக்கும் வெள்ளையரில் சிலருக்கும் லாக்டேஸ் குறைவாக இருந்தது தெரியவந்தது. முடிவு முக்கியமானது, அதைப் பதிந்துவைத்த விதம்தான் பிசகு. “கறுப்பர்”, “வெள்ளையர்” என்பவை அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் பெட்டிகள். குடலுக்கு அந்தப் பெட்டிகள் தெரியாது.

நைஜீரியாவைப் பார்த்தால் இது விளங்கும். அங்கு உழவுத் தொழிலில் ஊறிய யோருபா மக்களில் பெரும்பாலோர் லாக்டோஸைச் செரிப்பதில்லை. அதே நாட்டில் மாடு மேய்க்கும் ஃபுலானி மக்களில் பலர் செரிக்கிறார்கள். தோல் நிறத்தை வைத்தால் இருவரும் ஒரே பெட்டிக்குள் வருவார்கள். அமெரிக்கக் கறுப்பினத்தவரின் முன்னோர்களில் பெரும்பாலோர் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் மத்திய மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டவர்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வுகளில் கிடைத்த எண் அவர்களுடைய வரலாற்றைச் சொல்கிறது, ஒரு கண்டத்தின் உடலமைப்பை அல்ல. ஐரோப்பாவிலும் இதே கதைதான். டென்மார்க், அயர்லாந்து போன்ற வடக்கு நாடுகளில் மிகப் பெரும்பாலோர் பாலைச் செரிக்கிறார்கள். சார்டீனியாத் தீவில் பெரும்பாலோர் செரிப்பதில்லை. சார்டீனியர்களின் தட்டிலோ ஆட்டுப்பால் கட்டி இல்லாத நாள் அரிது.

மரபணுச் சான்று

2002இல் பின்லாந்து ஆய்வாளர்கள் லாக்டேஸ் மரபணுவுக்கு அருகே ஒற்றை எழுத்து மாற்றம் ஒன்றைக் கண்டறிந்தார்கள். ஐரோப்பியரிடம் நொதியை அணையாமல் வைத்திருப்பது அந்த மாற்றமே. 2007இல் சாரா டிஷ்காஃப் குழுவினர் தான்சானியா, கென்யா, சூடான் மக்களிடம் தேடியபோது, அதே பகுதியில் வேறு மாற்றங்கள் தனித்தனியே தோன்றியிருந்தது புலப்பட்டது. அரேபியாவில் பரவியுள்ளது இன்னொன்று. ஒட்டகமோ மாடோ, கறந்து குடித்த சமூகங்கள் பலவற்றில் ஒரே தீர்வு வெவ்வேறு வழிகளில் உருவாகியிருக்கிறது. ஆக, இது எந்த ஓர் இனத்தின் சொத்தும் அல்ல.

மேய்ச்சல் வரலாறு இன அடையாளத்தைவிட நல்ல வழிகாட்டி. அதற்கும் விலக்கு உண்டு. மங்கோலிய மேய்ப்பர்களில் இந்த மரபணு மாற்றம் உடையவர்கள் மிகச் சிலரே. ஆனாலும் குதிரைப்பாலைப் புளிக்கவைத்துக் குடித்தும் பாலைக் கட்டியாக உலர்த்தித் தின்றும் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்துவருகிறார்கள். தான்சானியாவின் ஹட்சா மக்களோ மாடே வளர்க்காத வேட்டையாடிகள். அவர்களிடம் கணிசமானோர் லாக்டோஸைச் செரிக்கிறார்கள். 2022இல் ரிச்சர்ட் எவர்ஷெட் குழு பழைய மட்பாண்டங்களில் ஒட்டியிருந்த பால் கொழுப்பை ஆராய்ந்து, ஐரோப்பியர்கள் செரிக்கும் திறன் பரவுவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகள் முன்பே பாலை உண்டுவந்ததைக் காட்டியது. இன்றைய பிரிட்டனிலும் அந்த மரபணு மாற்றம் உள்ளவரும் இல்லாதவரும் ஏறத்தாழ ஒரே அளவு பால்தான் குடிக்கிறார்கள் என்று அதே ஆய்வு கூறுகிறது. பஞ்சமும் நோயும் வந்த காலங்களில்தான் செரியாமை உயிருக்கு உலைவைத்து, செரிப்பவர்களின் எண்ணிக்கை பெருகியிருக்க வேண்டும் என்பது அவர்கள் விளக்கம்.

இந்தியா

இந்தியாவில் செரிக்கும் திறன் வடமேற்கில் மிகுந்தும் தெற்கிலும் கிழக்கிலும் குறைந்தும் காணப்படுகிறது. 1981இல் வெளியான ஓர் ஆய்வில் தென்னிந்தியரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரிடமும் வடஇந்தியரில் கால்பங்கைச் சற்று மிஞ்சியவர்களிடமும் செரியாமை தென்பட்டது. இந்தியர்களிடம் பரவலாக உள்ள மரபணு மாற்றம் ஐரோப்பியரிடம் உள்ள அதே மாற்றம்தான். 2012இல் வெளியான விரிவான ஆய்வு இதை உறுதிப்படுத்தியது. தெற்கில் குறைவு என்ற பொதுவிதி நீலகிரியில் உடைகிறது: எருமை வளர்ப்பையே வாழ்வாகக் கொண்ட தோடர்களிடம் அந்த மாற்றம் மிக அதிகம். “தென்னிந்தியர்” என்ற பெட்டியும் அமெரிக்கப் பெட்டிகளைப் போலவே ஓட்டையுள்ளதுதான்.

அரசியல் பயன்பாடு

2017 பிப்ரவரியில் நியூயார்க்கில் அதிபர் டிரம்புக்கு எதிரான ஒரு கலை நிகழ்விடத்தின் முன் வெள்ளை இனவாத இளைஞர்கள் சிலர் கூடி, கேமரா முன் பாலை மடக்மடக்கென்று குடித்தார்கள். பாலைச் செரிப்பது வெள்ளையரின் மேன்மைக்கு அடையாளமாம். கிழக்கு ஆப்பிரிக்க மேய்ப்பர்களைப் பற்றிய ஆய்வு வெளியாகி அப்போதே பத்தாண்டுகள் ஆகியிருந்தன. 2018இல் அமெரிக்க மனித மரபியல் சங்கம் மரபியலை இன மேன்மைக்குச் சான்றாக இழுப்பதைக் கண்டித்து அறிக்கை வெளியிட்டது.

இதன் எதிர்முனையில் நல்லெண்ணத்தோடு செய்யப்படும் பொதுமைப்படுத்தலும் உண்டு. நோயாளியின் முகத்தைப் பார்த்தே பாலை விடச் சொல்வது அதில் ஒன்று. ஜப்பானில் வளர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு லாக்டேஸ் குறைவுதான். ஆனால் அங்கே பள்ளி மதிய உணவோடு தலைமுறை தலைமுறையாக 200 மில்லிலிட்டர் பால் வழங்கப்படுகிறது.

கண்டறிதல்

லாக்டோஸ் கரைசலைக் குடிக்கவைத்து, மூச்சில் வெளியேறும் ஹைட்ரஜனை அளப்பதே வழக்கமான சோதனை. கடும் வயிற்றுப்போக்குக்குப் பிறகு தற்காலிகமாகவும் நொதி குறையலாம் என்பதால், நேரம் பார்த்துச் செய்ய வேண்டும். தன்னைப் பற்றித் தானே கொள்ளும் முடிவும் நம்பகமானதல்ல. 1995இல் மினசோட்டாவில் நடந்த ஆய்வில், பால் தங்களுக்குக் கொஞ்சமும் ஆகாது என்று உறுதியாகச் சொன்ன 30 பேருக்குக் காலை உணவோடு 240 மில்லிலிட்டர் பால் தரப்பட்டது. ஒரு வாரம் சாதாரணப் பால், ஒரு வாரம் லாக்டோஸ் நீக்கிய பால். எது எதுவென்று அவர்களுக்குத் தெரியாது. இரண்டு வாரங்களிலும் தொல்லைகள் ஏறத்தாழ ஒரே அளவில், சொற்பமாகவே இருந்தன. அந்த 30 பேரில் 9 பேர் லாக்டோஸை நன்றாகவே செரிப்பவர்கள்.