கப்பலேறிய பேட்டை

கொழும்பு பஸ் பலகைகளில் ஓர் இடத்துக்கு மூன்று பெயர்கள்: சிங்களத்தில் 'பிட்டகொட்டுவ', தமிழில் 'புறக்கோட்டை', ஆங்கிலத்தில் 'பெட்டா'. முதல் இரண்டுக்கும் கோட்டைக்கு வெளியே என்றே பொருள். மூன்றாவதுதான் வேடிக்கை. ஆங்கில எழுத்தில் உட்கார்ந்திருப்பது நம்முடைய 'பேட்டை'. கொழும்புத் தமிழர் வாயில் வருவதோ புறக்கோட்டைதான்.

போர்த்துக்கேயர் காலத்தில் இந்தப் பிரிவினையே கிடையாது. ஊர் முழுவதும் ஒரே மதிலுக்குள் இருந்தது. 1656இல் கொழும்பைப் பிடித்த ஒல்லாந்தர் கடலோரப் பகுதியைத் தனியே அரண் செய்து 'காஸ்டீல்' (கோட்டை) என்றார்கள். மிச்சம் 'பழைய நகரம்' ஆயிற்று. அங்கே நேர்நேராகத் தெருப் போட்டுத் தங்கள் குடும்பங்களையே குடிவைத்தார்கள். பிரின்ஸ் வீதியில் பருத்த தூண்களும் நடுமுற்றமுமாக நிற்கும் ஒல்லாந்தர் அருங்காட்சியகம், ஆளுநர் தாமஸ் வான் ரே வாழ்ந்த வீடு. சந்தைக்கடை நடுவே கட்டிய வீடு அல்ல அது.

1796இல் ஆங்கிலேயர் வந்தார்கள், வந்தது சென்னையிலிருந்து. முதல் சில ஆண்டுகள் சென்னையின் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளே தீவை நிர்வகித்தார்கள். தமிழில் பேட்டை என்றால் வணிகரும் கைவினைஞரும் கூடிவாழும் இடம். 1734இல் நெசவாளர்களுக்காக எழுந்த சிந்தாதிரிப்பேட்டை அப்படிப்பட்டது. அந்தப் பொருளுக்கு மதில் தேவையில்லை. ஆனால் கம்பெனிப் படைக்குப் பேட்டை போர்க்களச் சொல். 1791இல் பெங்களூரில் முதலில் பேட்டையைப் பிடித்தார்கள், பிறகு கோட்டையை. மதிலுக்கு வெளியே கிடக்கும் ஊரெல்லாம் அவர்களுக்குப் பேட்டை. அந்தப் பழக்கமே கொழும்புக்கும் கப்பலேறியது என்பது என் கணிப்பு. ஒல்லாந்தர் வீதிகள் இப்படித்தான் 'பேட்டை' ஆயின. அங்கே குடியிருந்தவர்களைக் கேட்டா வைத்தார்கள்?

பெயர் முதலில் பொருந்தவில்லை. பிறகு அந்தக் குடும்பங்கள் வேறு பகுதிகளுக்கு நகர்ந்தன, வீடுகள் கடைகளாயின. இன்று மெயின் வீதியிலும் குறுக்குத் தெருக்களிலும் மூட்டை சுமக்கும் நாட்டாமிகளுக்கு வழிவிட்டு ஒதுங்காமல் நடக்க முடியாது. தமிழன் சொன்ன பொருளிலேயே அது பேட்டையாகிவிட்டது. ஆங்கிலேயர் சொன்ன பொருளோ, 1869இல் கோட்டை மதிலை அவர்களே இடிக்கத் தொடங்கியபோது போயிற்று.

ஒரு தகவல், கொழும்புக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு: 'கொழும்பு கோட்டை' ரயில் நிலையம் இருப்பது கோட்டையில் அல்ல, புறக்கோட்டையில்.