காவிரி ஜெட் எஞ்சின்

காவிரி என்பது போர் விமானங்களுக்காக இந்தியாவில் வடிவமைக்கப்பட்ட ஜெட் எஞ்சின். பெங்களூரிலுள்ள எரிவாயுச் சுழலி ஆய்வு நிறுவனம் (ஜி.டி.ஆர்.இ.) இதை உருவாக்கியது. காவிரி ஆற்றின் பெயர் எஞ்சினுக்கும், அதன் துணையாறான கபினியின் பெயர் எஞ்சினின் மையப்பகுதிக்கும் சூட்டப்பட்டன. தேஜஸ் இலகு போர் விமானத்துக்காகத் தொடங்கிய இத்திட்டம் அந்த விமானத்தில் இடம்பெறவில்லை. கோவையை அடுத்த சூலூர் விமானப்படைத் தளத்திலுள்ள தேஜஸ் விமானங்கள் அமெரிக்காவின் எஃப்404 எஞ்சினால் பறக்கின்றன. சொந்தமாக எஞ்சின் செய்வதா, வெளிநாட்டுத் தொழில்நுட்பத்தைப் பெற்றுக்கொள்வதா என்ற கேள்வி இந்தியாவில் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்கிறது. காவிரியின் வரலாறு அதில் முக்கியமான பகுதி.

முன்வரலாறு: மாருத் விமானம்

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஜெர்மனியின் ஃபோக்க-வுல்ஃப் 190 விமானத்தை வடிவமைத்தவர் கூர்ட் டாங்க். அவர் 1956-இல் பெங்களூர் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலைக்கு வந்தார். அவர் தலைமையில் உருவான எச்.எஃப்.-24 மாருத் 1961 ஜூன் 17 அன்று முதன்முதலாகப் பறந்தது. ஒலியை விஞ்சும் வேகத்துக்காக வரையப்பட்ட விமானம் அது. அதற்கு வேண்டிய, பின்னெரிப்பு வசதி கொண்ட ஆர்ஃபியூஸ் எஞ்சினைப் பிரிட்டிஷ் நிறுவனம் உருவாக்கி வந்தது. பிரிட்டன் அதில் ஆர்வம் இழந்தபோது, வளர்ச்சிச் செலவை ஏற்றுக்கொள்ள இந்தியா முன்வரவில்லை. திட்டம் நின்றது.

வேறு வழியின்றி, குறைந்த உந்துவிசை கொண்ட ஆர்ஃபியூஸ் 703 எஞ்சின்கள் இரண்டு மாருத்தில் பொருத்தப்பட்டன. நல்ல உடலமைப்பு இருந்தும் அதற்கேற்ற வேகத்தை விமானம் எட்டவில்லை. ஆர்ஃபியூஸுக்கு உள்நாட்டிலேயே பின்னெரிப்பு அமைப்பைச் சேர்க்க ஜி.டி.ஆர்.இ. முயன்றது. அவ்வகை மாருத் ஒன்றை ஓட்டிய சோதனை விமானி சுரஞ்சன் தாஸ் 1970 ஜனவரி 10 அன்று விபத்தில் உயிரிழந்தார். மொத்தம் 147 மாருத் விமானங்கள் கட்டப்பட்டன. 1971 போரில் அவை பங்கேற்றன. ஆனால் அவற்றுக்குரிய எஞ்சின் கடைசிவரை கிடைக்கவில்லை.

உரிம உற்பத்தி

மறுபுறம், சோவியத் ஒன்றியத்திடம் உரிமம் பெற்று மிக்-21 விமானத்தின் எஞ்சின்களைத் தயாரிக்க ஒடிசாவின் கோராபுட் பகுதியில் 1960-களில் ஆலை அமைந்தது. சுகோய்-30 விமானத்தின் ஏ.எல்.-31 எஞ்சின்களும் பிற்காலத்தில் அங்கே தயாராயின. இதனால் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் நுட்பமான கடைசல், வார்ப்பு, பொருத்துதல் வேலைகளில் தேர்ச்சி பெற்றனர்.

ஆனால் உரிமத்துடன் வருவது வரைபடமும் செய்முறையும்தான். ஓர் இறக்கை ஏன் அந்தக் கோணத்தில் வளைந்திருக்கிறது, வேறு கோணங்கள் ஏன் கைவிடப்பட்டன, எத்தனை எஞ்சின்கள் உடைந்த பிறகு அந்த அளவு முடிவாயிற்று என்பவை வரைபடத்தில் இருப்பதில்லை. புது எஞ்சினை வடிவமைப்பவருக்கு வேண்டியது அந்த அறிவே. மேலும், எஞ்சின் தயாரிக்கும் ஆலை ஒடிசாவிலும், வடிவமைக்கும் நிறுவனம் பெங்களூரிலும் தனித்தனியே வளர்ந்தன.

காவிரித் திட்டம்

1989 மார்ச்சில் காவிரித் திட்டத்துக்கு அரசு ஒப்புதல் அளித்தது. ஒதுக்கீடு சுமார் 383 கோடி ரூபாய்; முடிக்க வேண்டிய காலம் 1996 டிசம்பர். பின்னெரிப்புடன் 81 கிலோநியூட்டன் உந்துவிசை என்பது இலக்கு. காற்று சூடேறினால் ஜெட் எஞ்சினின் வலு குறையும் என்பதால், இந்தியக் கோடையிலும் உந்துவிசை குறையாதபடி வடிவமைப்பு அமைந்தது.

கபினி மையப்பகுதி 1995-இலும், முழு எஞ்சின் 1996-இலும் முதன்முதலாகச் சோதிக்கப்பட்டன. அதன்பின் தடைகள் தொடர்ந்தன. எடை 1,100 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்பது குறிக்கோள். எஞ்சினோ 1,235 கிலோவை எட்டியது. உந்துவிசையும் இலக்கைவிடக் குறைவாகவே இருந்தது. 2004-இல் ரஷ்யாவில் நடந்த உயரச் சோதனையில் எஞ்சின் தேறவில்லை. 2008-இல் தேஜஸ் திட்டத்திலிருந்து காவிரி பிரிக்கப்பட்டது. செலவு மதிப்பீடு 2,839 கோடி ரூபாயாக உயர்ந்ததையும், சுமார் 13 ஆண்டுத் தாமதத்தையும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை சுட்டிக்காட்டியது.

ஆயினும் பணி நிற்கவில்லை. 2010 நவம்பர் 3 அன்று ரஷ்யாவில் ஓர் ஐ.எல்.-76 விமானத்தில் பொருத்தப்பட்டு காவிரி முதன்முதலாக வானில் இயங்கியது.

எங்கே கடினம்?

ஜெட் எஞ்சினின் தத்துவம் எளிது. முன்புறம் காற்றை இழுத்து அழுத்தி, எரிபொருளுடன் எரித்து, சூடான வாயுவைப் பின்னால் பீய்ச்ச வேண்டும். வெளியேறும் வாயு வழியிலுள்ள சுழலியைச் சுற்ற, அந்தச் சுழலி முன்னாலுள்ள காற்றழுத்தியைச் சுற்றும்.

சிக்கல் சுழலியின் இறக்கைகளில் உள்ளது. அவற்றின் மீது மோதும் வாயுவின் வெப்பம், அவை செய்யப்பட்ட நிக்கல் உலோகக் கலவையின் உருகுநிலையையே தாண்டும். ஒவ்வோர் இறக்கைக்குள்ளும் நுண்ணிய துளைகள் வழியே காற்றைச் செலுத்திக் குளிர்விக்கிறார்கள். இறக்கையை வார்ப்பதும் தனிக் கலை. சாதாரண வார்ப்பு வெல்லக்கட்டி போன்றது. பல சிறு மணிகள் ஒட்டியிருக்கும், அழுத்தம் வந்தால் மணிகள் சேருமிடத்தில் விட்டுப்போகும். உயர்தர எஞ்சின்களின் இறக்கையோ ஒரே கற்கண்டுக் கல்லைப் போல ஒற்றைப் படிகமாக வளர்க்கப்படுகிறது. காவிரிக்கு இதற்கு முந்தைய படியான திசைசார் வார்ப்பு இறக்கைகளே பயன்பட்டன. ஒற்றைப் படிக இறக்கைகளை ஹைதராபாத் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகம் பின்னர் உருவாக்கி, 2021-இல் ஹெலிகாப்டர் எஞ்சினுக்காக 60 இறக்கைகளை வழங்கியது.

இன்னொரு குறை சோதனை வசதி. உயரத்தில் நிலவும் காற்றழுத்தத்தைத் தரையில் உண்டாக்கும் கூடமும், எஞ்சினைப் பறக்கவிட்டுப் பார்க்கும் விமானமும் இந்தியாவில் இல்லை. ஒவ்வொரு பெரிய சோதனைக்கும் எஞ்சினைப் பெட்டியில் கட்டி ரஷ்யாவுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. தவறு தெரிந்தால் திருத்தி மறுபடி அனுப்ப வேண்டும். தவறு செய்து திருத்தும் வேகமே குறைந்துபோயிற்று.

வெளிநாட்டுக் கூட்டுறவு

1998 பொக்ரான் அணுகுண்டுச் சோதனைக்குப் பின் அமெரிக்கா தடை விதித்தது. தேஜஸின் பறப்புக் கட்டுப்பாட்டு முறைக்காக அமெரிக்காவில் பணிபுரிந்த இந்தியப் பொறியாளர்கள் திருப்பி அனுப்பப்பட்டனர். பிறர் கையை நம்பியிருப்பதன் ஆபத்து அப்போது தெளிவாகியது.

பிரான்சின் ஸ்நெக்மா நிறுவனத்துடன் சேர்ந்து காவிரியைச் செம்மைப்படுத்தும் பேச்சும் நடந்தது. அந்நிறுவனம் ஏற்கெனவே உருவாக்கி வைத்திருந்த மையப்பகுதியைப் பொருத்துவது கூட்டு வடிவமைப்பு ஆகாது என்ற ஆட்சேபம் எழுந்தது. ஏற்பாடு கைகூடவில்லை.

விண்வெளித் துறையின் அனுபவம் ஒப்பிடத்தக்கது. 1974-இல் பிரான்சுடன் செய்த உடன்பாட்டின்படி, இஸ்ரோவின் பொறியாளர்கள் பிரான்சுக்கே சென்று வைக்கிங் ராக்கெட் எஞ்சின் பணியில் உடனிருந்தனர். நம்பி நாராயணன் அக்குழுவை வழிநடத்தினார். அந்த அறிவிலிருந்து பிறந்த விகாஸ் எஞ்சின் இன்றும் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் இயங்குகிறது. கிரையோஜெனிக் எஞ்சினில் கதை மாறியது. ரஷ்யா 1991-இல் ஒப்புக்கொண்ட தொழில்நுட்பத்தை, அமெரிக்க நெருக்கடியால் 1993-இல் தர மறுத்தது. ஆயத்த எஞ்சின்களை மட்டும் தந்தது. நெல்லைச் சீமையின் மகேந்திரகிரியில் சொந்தச் சோதனைக் கூடம் இருந்ததால் முயற்சி தொடர்ந்தது. 2010-இல் தோல்வி கண்டும், 2014 ஜனவரி 5 அன்று உள்நாட்டுக் கிரையோஜெனிக் எஞ்சின் வெற்றி பெற்றது.

சென்னையின் பங்கு

தென்சென்னையின் குரோம்பேட்டையில் சி. ராஜம் 1949-இல் தம் வீட்டை விற்று நிறுவிய மெட்ராஸ் தொழில்நுட்பக் கழகம், விமானப் பொறியியலைத் தொடக்கத்திலேயே கற்பித்த நிறுவனங்களுள் ஒன்று. அங்கு படித்த ஆ.ப.ஜெ. அப்துல் கலாம், பெங்களூர் விமானத் தொழிற்சாலையில் பயிற்சியாளராகச் சேர்ந்து எஞ்சின்களைப் பிரித்துச் செப்பனிடும் பணியில் ஈடுபட்டார். காவிரித் திட்டம் நடந்த 1990-களில் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறைக்கு அவரே தலைவராக இருந்தார்.

அடையாறை ஒட்டிய சென்னை ஐ.ஐ.டி. 1959-இல் மேற்கு ஜெர்மனியின் உதவியுடன் தொடங்கியது. கருவிகளோடு ஜெர்மன் பேராசிரியர்களும் வந்தனர். இந்திய ஆசிரியர்கள் ஜெர்மனிக்குச் சென்று பயின்றனர். இன்று அங்கு தேசிய எரிதல் ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. எரியறையில் சுடர் நிலையாக நிற்பது, எரிதலால் எழும் அதிர்வு ஆகியவை அங்கு ஆராயப்படுகின்றன. எஞ்சின் ஆய்வுக்காகப் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறை மும்பை, சென்னை ஐ.ஐ.டி.களில் உந்துவிசைத் தொழில்நுட்ப மையத்தையும் அமைத்துள்ளது.

இன்றைய நிலை

2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமானப்படை நடத்திய வான்சாகசத்தை லட்சக்கணக்கானோர் கண்டனர். அதில் பறந்த தேஜஸ் இந்திய வடிவமைப்பு. எஞ்சின் அமெரிக்கத் தயாரிப்பு. தேஜஸ் மார்க்-1ஏ விமானங்களுக்காக 2021-இல் 99 எஃப்404 எஞ்சின்கள் கோரப்பட்டன. முதல் எஞ்சின் 2025 மார்ச்சில்தான், சுமார் இரண்டாண்டுத் தாமதத்துடன், கிடைத்தது. விமானப்படைக்கு அனுமதிக்கப்பட்ட அணிகள் 42. மிக்-21 விடைபெற்ற 2025 செப்டம்பரில் எஞ்சியவை 29. ஆகவே எஞ்சின் தாமதம் நாட்டின் காவலையே தொடும் விஷயமாகிவிட்டது.

பெரிய எஃப்414 எஞ்சினை இந்தியாவில் தயாரிக்கும் உடன்பாடு 2023 ஜூனில் அறிவிக்கப்பட்டது. மதிப்பில் 80 சதவீதத் தொழில்நுட்பம் கிடைக்கும் எனக் கூறப்பட்டது. அடுத்த தலைமுறைப் போர் விமானத்துக்கான எஞ்சினைப் பிரான்சின் சஃப்ரான் நிறுவனத்துடன் சேர்ந்து உருவாக்கப்போவதாகப் பாதுகாப்பு அமைச்சர் 2025 ஆகஸ்டில் தெரிவித்தார். பின்னெரிப்பு இல்லாத காவிரியை ஆளில்லாப் போர் விமானத்துக்குப் பயன்படுத்தும் பணியும் நடக்கிறது.

மதிப்பீடு

காவிரியைத் தோல்வி என்று ஒதுக்குவோரும் உண்டு. ஆனால் சீனாவும் தன் டபிள்யூ.எஸ்.-10 எஞ்சின் பக்குவப்படும்வரை பல்லாண்டுகள் ரஷ்ய எஞ்சின்களையே நம்பியிருந்தது. காவிரியில் உழைத்தவர்கள் பெற்ற அறிவை எந்த உரிமமும் தந்திருக்காது. அந்த அறிவு இருந்தால்தான் அயல்நாட்டவரிடம் எதைக் கேட்பது, எதை ஏற்க மறுப்பது என்பதும் தெரியும். தொழில்நுட்பப் பரிமாற்றத்தைச் சதவீதத்தால் மட்டும் அளப்பது போதாது. வடிவமைக்கும் மேசையில் இந்தியப் பொறியாளர் எத்தனை பேர் உட்காருகிறார்கள், சோதனைக் கூடம் எந்த நாட்டில் இருக்கிறது, அடுத்த எஞ்சினைத் திருத்தி வரையும் உரிமை யாருக்கு என்ற மூன்று கேள்விகளையும் புதிய ஒப்பந்தங்களிடம் கேட்க வேண்டியிருக்கிறது.