மூன்று குருக்களும் ஒரு பெயர்ப் புத்தகமும்



சென்ற மாதம் பிலிப்பினோ மூதாட்டி ஒருவர் தம் பேத்தியின் திருமுழுக்குக்கு நாள் கேட்டு வந்தார். நாள் குறித்தபின் சற்றே தயங்கி, "இந்த நாட்டு வெள்ளைக் குருவானவர் நிறைவேற்றி வைப்பாரா, ஃபாதர்?" என்று வினவினார். என்மீது அவருக்கு மனக்குறை ஏதுமில்லை. தம் சொந்த நாட்டுக் குருவானவர் என் இடத்தில் அமர்ந்திருந்தாலும் இதையே கேட்டிருப்பார். அந்தக் கேள்வி நேற்றுப் பிறந்ததன்று.

1565 முதல் 1898 வரை, 333 ஆண்டுகள் பிலிப்பைன்ஸ் ஸ்பெயினின் உடைமையாக இருந்தது. நாட்டின் பெயரே ஸ்பானிய அரசர் இரண்டாம் பிலிப்பினுடையது. ஊர்ப்புறங்களில் ஸ்பானியர் மிகச் சிலரே. பல ஊர்களில் மக்கள் அறிந்த ஒரே ஸ்பானியர் பங்குத்தந்தையான துறவிதான். உள்ளூர் இளைஞர் குருப்பட்டம் பெற்றபோதும் பெரும்பாலும் உதவிக் குருக்களாகவே நிறுத்தப்பட்டனர். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மணிலாப் பேராயர் சாஞ்சோ பங்குகளை உள்ளூர்க் குருக்களிடம் ஒப்படைக்க முனைந்து, போதிய பயிற்சியின்றிப் பலரை அவசரமாக அருட்பொழிவு செய்தார். "படகு வலிக்க ஆள் கிடைப்பதில்லை, எல்லோரையும் பேராயர் குருவாக்கிவிட்டார்" என்று நகரில் கேலி எழுந்தது. பயிற்சி தராதவரை விட்டுவிட்டு, பெறாதவரின் இனத்தைப் பழித்த கேலி அது.

1872 ஜனவரியில் கவிட்டே ஆயுதக் கிடங்கில் வீரர்களும் தொழிலாளரும் கலகம் செய்தனர். அதைத் தூண்டியவர்கள் என்று மரியானோ கோமெஸ், ஹோசே புர்கோஸ், ஹசிந்தோ சமோரா என்னும் மூன்று குருக்கள்மீது குற்றம் சாட்டப்பட்டது. உள்ளூர்க் குருக்களுக்குப் பங்குகளில் உரிமை வேண்டும் என்ற இயக்கத்தைச் சேர்ந்தவர்கள் அவர்கள். கோமெஸ் எழுபது வயதைக் கடந்த முதியவர். பிப்ரவரி 17 அன்று மணிலாவின் பாகும்பயான் திடலில், கழுத்தை நெரிக்கும் இரும்பு வளையத்தால் மூவரும் கொல்லப்பட்டனர். அவர்களைக் குருத்துவ நிலையிலிருந்து நீக்கும்படி ஆளுநர் கேட்டபோது மணிலாப் பேராயர் மறுத்தார். அவரும் ஸ்பானியரே என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. மூவரும் திருவுடை களையப்படாத குருக்களாகவே மரித்தனர். அவர்களுக்காக ஆலய மணிகள் ஒலித்தன. 1891-இல் ஹோசே ரிசால் தம் இரண்டாம் நாவலை இம்மூவருக்கும் காணிக்கையாக்கினார்.

பெயர்களின் கதை வேறு வகையானது. 1849-இல் ஆளுநர் கிளவேரியா குடும்பப் பெயர்களின் அகரவரிசைப் புத்தகம் ஒன்றை வெளியிட்டு, அதிலிருந்து பெயர் எடுத்துக்கொள்ளுமாறு ஆணையிட்டார். மக்கள் புனிதர்களின் பெயர்களை விரும்பியவாறு சூடிக்கொண்டதால் வரிக்கணக்கு குழம்பியதே காரணம். புத்தகத்தின் பக்கங்கள் ஊர் ஊராகப் பிரித்துத் தரப்பட்டன. அதனால் அல்பாய் மாகாணத்துச் சில ஊர்களில் ஒரே எழுத்தில் தொடங்கும் பெயர்கள் இன்றும் மிகுந்திருக்கின்றன. இவ்வாறு வரிக்கணக்குக்காகத் தரப்பட்ட பெயரைக் காட்டித் தம் குடும்பத்தில் ஸ்பானிய இரத்தம் ஓடுவதாகப் பெருமை கொள்வோரை நானே சந்தித்திருக்கிறேன்.

1898-இல் ஸ்பெயின் இரண்டு கோடி டாலருக்கு நாட்டை அமெரிக்காவிடம் விட்டுக்கொடுத்தது. 1901-இல் 'தாமஸ்' என்னும் கப்பலில் ஏறத்தாழ ஐந்நூறு அமெரிக்க ஆசிரியர்கள் வந்திறங்கினர். ஆங்கிலமே பள்ளிகளின் பயிற்று மொழியாயிற்று. படிப்பு பரவியது, உண்மை. கூடவே, தன் மொழியில் பேசுவோன் படியாதவன் என்ற எண்ணமும் பரவியது. ரெனாத்தோ கான்ஸ்டன்டினோ என்னும் வரலாற்றறிஞர் இக்கல்வியையே பிழைக்கல்வி என்று கண்டித்தார். 1946-இல் கொடி மாறியது. எனினும் தோலை வெளுப்பாக்கும் பப்பாளி சோப்பு இன்றும் அங்கே நன்றாக விற்கிறது; கலப்பின முகங்களே திரையில் அழகென்று போற்றப்படுகின்றன.

கிறிஸ்தவ நம்பிக்கையும் அதே கப்பல்களில் வந்ததுதானே, அதுவும் அடிமை மனமல்லவா என்று நம் இளைஞர் ஒருவர் என்னிடம் கேட்டார். நான் அவ்வாறு எண்ணவில்லை. அந்த மூவரும் நம்பிக்கையை உதறவில்லை. அதில் தமக்குரிய இடத்தைக் கேட்டார்கள். அந்த இடம் மெல்லவே கிடைத்தது. முதல் பிலிப்பினோ ஆயராக ஹோர்ஹே பார்லின் அருட்பொழிவு பெற்றது 1906-இல். மணிலாவுக்குப் பிலிப்பினோ பேராயர் ஒருவர் கிடைத்ததோ 1949-இல்தான்.

மூதாட்டியிடம் இந்தக் கதையைச் சொன்னேன். கோமெஸ் அடிகளின் பெயரை அவர் பள்ளியில் படித்திருந்தார். பங்கு உரிமை பற்றிய வழக்கு அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. திருமுழுக்கை யார் கொடுப்பது என்று வீட்டாருடன் பேசிவிட்டுச் சொல்வதாகக் கூறிச் சென்றார். நம்மவருள் சிலரும் திருமணத்திற்கு நாள் கேட்கையில் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள், எனக்கு நினைவிருக்கிறது.

பிப்ரவரி 17 மாலைத் திருப்பலியை அந்த மூன்று குருக்களின் நினைவாக ஒப்புக்கொடுக்கிறேன். பிலிப்பினோ பாடகர் குழுவினர் தங்கள் மொழியில் பாடுவார்கள். நீங்களும் வாருங்கள்.