பொலிஸ் முறைப்பாட்டுப் பதிவுகளின் இரகசியம் (வன்னி)

பொலிஸ் அதிகாரி ஒருவர்மீது கொடுக்கப்பட்ட முறைப்பாடு, அதன் விசாரணைக் குறிப்பு, ஒழுக்காற்று முடிவு ஆகியவற்றை யார் பார்க்கலாம் என்று சொல்லும் தனிச்சட்டம் இலங்கையில் இல்லை. நியூயோர்க் மாநிலத்தில் 1976இல் பொலிஸாரின் பணிப் பதிவுகளை இரகசியமாக்க வந்து, பின்னர் தீயணைப்பு வீரர்களின் பதிவுகளையும் காத்த 50-ஏ பிரிவு 2020 ஜூனில் நீக்கப்பட்டது. இங்கோ நீக்குவதற்கு அப்படியொரு பிரிவே கிடையாது. இரகசியம் பல சட்டங்களில் சிதறிக் கிடக்கிறது.

பொலிஸாருக்கு எதிரான முறைப்பாடுகளை ஏற்கும் கடமை தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுடையது. 2001இன் 17ஆவது திருத்தம் அதை உருவாக்கியது. 2010இன் 18ஆவது திருத்தம் நியமன, ஒழுக்காற்று அதிகாரங்களைப் பிடுங்கி, முறைப்பாடு கேட்கும் வேலையை மட்டும் விட்டுவைத்தது. 2015இல் அவை மீண்டன. 2020இல் மறுபடி போய், 2022இல் திரும்பின.

பதிவைக் கேட்டுப் பெறும் வழி, 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் உள்ள 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். அதன் 5ஆம் பிரிவு தனிப்பட்ட தகவலையும், குற்ற விசாரணையைக் கெடுக்கும் தகவலையும், இரகசியமாகத் தகவல் தந்தவரின் அடையாளத்தையும் மறுக்க இடம் தருகிறது. பொதுநலன் மேலோங்கினால் மறுக்க முடியாது. கடமை நேரத்தில் ஓர் அதிகாரி செய்ததை அவரது சொந்த வாழ்க்கை என்று வாதிடுவது வலுவற்றது. முறைப்பாட்டாளரின் பெயரை மறைப்பதில்தான் நியாயம் உண்டு.

வடக்கே வன்னியில் இந்த நியாயம் தலைகீழாகிவிடுகிறது. எல்லாரும் எல்லாரையும் அறிந்த ஊரில், நிலையத்துக்குள் நுழைந்தாலே முறைப்பாட்டாளர் யாரெனத் தெரிந்துவிடும். அவர் தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினால், தன் வாக்குமூலமே அவருக்கு இரகசியம். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடபடிமுறைச் சட்டத்தின் 109ஆம் பிரிவு, சொன்ன மொழியிலேயே எழுதி வாசித்துக் காட்டச் சொல்கிறது. முடியாவிட்டால் அவரையே எழுதித்தரக் கேட்கவேண்டும். அதுவும் இயலாதபோதுதான், காரணத்தைப் பதிந்து வேறொரு தேசிய மொழியில் எழுதலாம். தமிழ் தெரிந்த அலுவலர் 24 மணி நேரமும் நிலையங்களில் இருக்கவேண்டும் என்று கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011இல் பரிந்துரைத்தது.

போர்க்காலப் பதிவுகள் வேறு சங்கதி. 2009 வரை கிளிநொச்சி, முல்லைத்தீவின் பெரும்பகுதியில் முறைப்பாடு கேட்டது விடுதலைப் புலிகள் 1991இல் தொடங்கிய தமிழீழக் காவல்துறை. தகவல் சட்டமோ அரச அதிகாரசபைகளின் கையிலுள்ள பதிவுகளையே தொடும். காணாமற்போனோர் அலுவலகத்துக்கு நம்பிக்கையில் சொல்லப்பட்டவற்றுக்கு 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் தகவல் சட்டத்திலிருந்தே விலக்களித்துள்ளது. சாட்சிகளைக் காக்க அந்த விலக்கு தேவைதான். ஆயினும் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடர் போராட்டத்தில் அமர்ந்த காணாமற்போனோரின் உறவினர்கள் கேட்டது, சரணடைந்தோர், தடுத்துவைக்கப்பட்டோர் பட்டியலை; அது சாட்சி சொன்னதல்ல, அரசு எழுதியது.