கர்னல் ஜேம்ஸ் ஸ்கின்னரின் போர்ப்பணியும் நல்லடக்கமும்

டெல்லி மாநகரில் காஷ்மீர் வாசலுக்கு அண்மையில் தூய யாக்கோபு ஆலயம் நிற்கிறது. அதன் திருவிருந்து மேசைக்கு முன்பாக, சலவைக்கல்லின் கீழ், குதிரைப்படைத் தலைவர் ஒருவர் அடக்கம்பண்ணப்பட்டிருக்கிறார். அவ்வாலயத்தைத் தம் சொந்தப் பணத்தால் கட்டிய கர்னல் ஜேம்ஸ் ஸ்கின்னரே அவர்.

இவர் 1778இல் பிறந்தார். தந்தை கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் பணியாற்றிய ஸ்காட்லாந்துக்காரர். தாய் இராஜபுத்திரப் பெண். பெண்மக்களைப் பள்ளிக்கு அனுப்பக் கணவர் துணிந்தபோது, கோஷா முறை குலைந்து குலமானம் அழிந்தது என்று கருதி, 1790இல் அத்தாய் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டாள். மறு ஆண்டில், இந்தியத் தாய்க்குப் பிறந்தோர் கம்பெனியின் உயர்பணிகளில் சேரலாகாது என்ற தடை வந்தது. கல்கத்தாவில் அச்சுத்தொழில் பயில விடப்பட்ட இளைஞர் அங்கிருந்து ஓடிப்போனார். பின்னர் மராட்டிய மன்னர் சிந்தியாவின் படையில் சேர்ந்தார்.

1800இல் இராஜபுதனத்து உனியாராவில் நடந்த போரில் குண்டடிபட்டு, பிணங்களுக்கும் குற்றுயிராய்க் கிடந்தோருக்கும் நடுவே அவர் விழுந்து கிடந்தார். உயிர் பிழைத்தால் தேவனுக்கு ஓர் ஆலயம் கட்டுவேன் என்று அங்கே பொருத்தனை பண்ணினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அதே களத்தில் நடந்த வேறொன்றும் அவருடைய நினைவுக்குறிப்புகளில் உண்டு. சமார் என்னும் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த முதியவர் ஒருவரும் ஒரு பெண்ணும் கூடையில் சோளரொட்டியும் பானையில் தண்ணீரும் கொண்டுவந்து, காயம்பட்ட ஒவ்வொருவருக்கும் கொடுத்தனர். ஸ்கின்னர் வாங்கி உண்டார். அருகே கால் முறிந்து கிடந்த இராஜபுத்திர சுபேதாரோ, சாகப்போகிற சில மணிநேரத்துக்காகத் தன் ஆசாரத்தை விடமாட்டேன் என்று தண்ணீரையும் மறுத்துவிட்டார். தன் தாயைக் கொன்ற அதே குலமானத்தை ஸ்கின்னர் மீண்டும் அங்கே கண்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. குணமடைந்தபின் அப்பெண்ணைத் தாய் என்றழைத்து ஆயிரம் ரூபாய் அனுப்பிவைத்தார்.

அவருடைய பிற்காலப் போர்ப்பணி பலரும் அறிந்ததே. 1803இல் ஆங்கிலேயருடன் போர் மூண்டபோது மராட்டியப் படையிலிருந்து விலக்கப்பட்டு, தளபதி லேக்கிடம் வந்தார். சரணடைந்த குதிரைவீரர்கள் தங்களுக்குத் தலைவராக இவரையே விரும்பினர். மஞ்சள் அங்கி தரித்த ஸ்கின்னர் குதிரைப்படை அவ்வாறு உருவாயிற்று. இன்றும் இந்தியப் படையில் அப்பெயர் வழங்குகிறது. 1826இல் பரத்பூர்க் கோட்டை வீழ்ந்த முற்றுகையிலும் அவர் இருந்தார். வீரர்கள் அவரைச் 'சிக்கந்தர் சாகிப்' என்று அழைத்தனர்.

பொருத்தனை நிறைவேற நெடுங்காலம் ஆயிற்று. 1836 நவம்பர் 21ஆம் நாள் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்தார். நம் தமிழ்த் திருச்சபை அப்பேராயரை நன்கறியும். சாதி வேற்றுமை திருச்சபையினின்று முற்றிலும், உடனே ஒழியவேண்டும் என்று 1833இல் தென்னிந்திய மிஷனெரிமாருக்குச் சுற்றறிக்கை விடுத்தவர் அவரே. அதனால் வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் ஒரே பாத்திரத்தில் பங்குகொள்ள மனமின்றி ஆலயத்தை விட்டு விலகியோர் பலர். உனியாராவின் தண்ணீர்ப்பானையைப் பற்றிப் பேராயர் கேள்விப்பட்டிருந்தாரோ இல்லையோ, அவர் பிரதிஷ்டை செய்த ஆலயத்தைக் கட்டியவர் அந்தப் பானையிலிருந்து குடித்தவர்.

ஸ்கின்னரைப் புனிதராக்க நான் முயலவில்லை. முகலாய உயர்குடியினரைப்போலப் பல மனைவியருடன் வாழ்ந்தவர் அவர். சபை ஒழுங்கு அவருடைய இல்லத்துக்குள் நுழையவில்லை. அதை அவரும் அறிந்திருந்தார். பாவிகளில் பிரதான பாவியாகிய என்மேல் அனைவரும் மிதித்துச் செல்லும்படி, ஆலய வாசற்படியின் கீழ் என்னைப் புதையுங்கள் என்று அவர் கேட்டுக்கொண்டதாகச் சொல்வர்.

1841 டிசம்பர் 4ஆம் நாள் ஹான்சியில் அவர் மரித்தார். படை மரியாதையுடன் அங்கேயே அடக்கம் நடந்தது. மறு மாதம் கல்லறை திறக்கப்பட்டு, உடல் டெல்லிக்குக் கொண்டுவரப்பட்டது. அவருடைய குதிரைவீரர்கள் உடன் வந்தனர். நகரமக்கள் பெருந்திரளாய் எதிர்கொண்டனர். 1842 ஜனவரி 19ஆம் நாள் இரண்டாம் முறை அடக்கம்பண்ணினர். வாசற்படியின் கீழ் அன்று, திருவிருந்து மேசையண்டையில்.